சிவசக்திக்கு வந்த துறை

தயாபரன் எல்ல என்கிற மலையூரில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறவன். வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குகிற ஹோட்டல் அது. அறைகளைக் கூட்டித் துடைப்பது, கட்டில் விரிப்பு மாற்றுவது, குளியலறை கழுவுவது எல்லாம் அவன் பொறுப்பு. குடும்பம் பூனாகலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் கீழ் டிவிசனில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் இருக்கிறது. மனைவி நிரஞ்சலா அங்கேயே கொழுந்தெடுக்கிறாள். ஒரே மகள் சிவசக்தி, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் தரம் படித்துக்கொண்டிருந்தாள்.

கிழமைக்கு ஒருநாள்தான் தயாபரனுக்கு லீவு. அன்றைக்கு அவனைப் போர்வைக்குள்ளிருந்து கிளப்ப யாராலும் முடியாது. ஆனால் கார்த்திகை மாதத்து அந்தப் புதன்கிழமை, நிரஞ்சலா வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக்குக் கிளம்பும் முன்பே அவன் எழுந்து சவரம் செய்து, கல்யாண வீடுகளுக்கு மட்டும் போடுகிற நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றான்.

"என்னாங்க, மாப்ள மாதிரி கெளம்புறீங்க?" என்று அவள் சிரித்தாள்.

"பத்தாந் தரத்துல எம்மகளுக்கு என்னா தொறைன்னு இன்னக்கிச் சொல்லப் போறாங்க. விஞ்ஞானம்னு சொல்லயில அழுக்குச் சட்டையோடயா ஒக்காந்திருக்குறது?"

வேடிக்கையாகத்தான் சொன்னான். ஆனாலும் மனசுக்குள் அது ஏறக்குறைய முடிந்த காரியமாக இருந்தது. சிவசக்தி விஞ்ஞானப் பைத்தியம் என்பது அந்த லயத்துக்கே தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்பு வெலிமடையிலிருந்து ஜாபிர் என்று ஒரு விஞ்ஞான ஆசிரியர் வந்திருந்தார். இரத்தத்தைப் பற்றி அவர் ஒருநாள் பாடம் எடுக்கப்போய், இவள் வீட்டுக்கு வந்து அம்மாவின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். வெளிறிக் கிடந்தது. கொழுந்து மலையில் நிரஞ்சலாவுக்கு அடிக்கடி தலைசுற்றும். சோறு சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிப்பதால்தான் கீரையில் இருக்கிற இரும்புச்சத்து உடம்பில் ஒட்டுவதில்லை என்று சிவசக்தி கண்டுபிடித்துச் சொன்னாள். சொன்னதோடு விடவில்லை. மத்தியானத்தில் லயத்துக் காம்பரா வீடுகளில் நுழைந்து, யார் சோற்றுக்குப் பிறகு கோப்பையைத் தூக்கினாலும் பிடுங்கி வைத்தாள். பெண்கள் அவளுக்குத் தேத்தண்ணிப் போலீஸ் என்று பெயர் வைத்தார்கள். தோட்டம் முழுக்கத் தேயிலையை வைத்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்காதே என்று ஒரு பிள்ளை சொல்கிறதே என்று சிரித்தார்கள். ஆனால் அவள் வருகிற சத்தம் கேட்டால் கோப்பையை மறைத்தார்கள்.

ஜாபிர் சேர் இடமாற்றம் கிடைத்துப் போய்விட்டார். அவர் இடத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை. அவர் விட்டுப்போன பாடங்களைச் சிவசக்தி தானாகவே வாசித்துக்கொண்டாள்.

கூட்டம் பள்ளிக்கூடத்தின் நீண்ட மண்டபத்தில் நடந்தது. பிள்ளைகளும் பெற்றோரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பதுளைக் கல்வி அலுவலகத்திலிருந்து பார்த்தீபன் என்று ஓர் அதிகாரி வந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். நாற்பதைத் தொடாத வயது. கையைக் கட்டிக்கொண்டு உத்தரவு போடுகிற ஆளாக இல்லாமல், வந்தவுடனேயே பின்வரிசையில் நின்ற கிழவர்களுக்குத் தானே கதிரை தூக்கிப் போட்டார். அதனாலேயே எல்லோருக்கும் அவரைப் பிடித்துப்போயிற்று.

"இவ்வளவு காலமும் பிள்ளையள் என்ன படிச்சினம், ஏன் படிச்சினம் எண்டு யாரும் கேக்கேல்லை," என்றார் அவர். "படிச்சு முடிச்சிட்டுக் கொழும்புப் புடைவைக் கடையில போய் நிண்டினம். இனி அப்பிடி இல்லை. வாற காலத்தில சமூகத்துக்கு என்ன தேவையோ, அதுக்கு ஏத்தமாதிரி இப்பவே படிப்பிக்கப் போறம். ஒவ்வொரு பகுதிக்கும் எந்த வேலைக்கு ஆக்கள் வேணுமெண்டு கணக்கெடுத்திருக்கிறம். போன மாசம் உங்கட பிள்ளையளுக்கு டெப் கணினியில ஓர் ஆர்வச் சோதனை வச்சது ஞாபகம் இருக்கோ? அதையும் இதையும் பொருத்தித்தான் துறை வந்திருக்கு."

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு மூன்று துறைகள் ஒதுக்கப்பட்டிருந்தன. விருந்தோம்பல், முதியோர் பராமரிப்பு, அழகுக்கலை. விஞ்ஞானத் துறைக்கு ஆய்வுகூடமும் ஆசிரியரும் இருக்க வேண்டும் என்பதால் அது நகரத்துப் பள்ளிக்கூடங்களில் மட்டும் இருக்கும் என்று பார்த்தீபன் ஒளிக்காமலே சொன்னார். பிறகு பெயர்களை வாசித்தார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு விருந்தோம்பல். சிவசக்திக்கும் அதுதான்.

தயாபரன் கையை உயர்த்தலாமா என்று யோசித்தான். ஒருவேளை மாற்ற முடியுமா என்று கேட்கலாம். அந்த நேரம் பார்த்துச் சுவரில் ஒரு படத்தைப் போட்டார்கள். வெள்ளை விரிப்பு விரித்த பெரிய கட்டில், அதன் நடுவில் அன்னம்போல மடித்து வைத்த துவாய், கண்ணாடிக்கு வெளியே மலை. விருந்தோம்பல் படித்த பிள்ளைகள் எப்படிப்பட்ட இடத்தில் வேலை செய்வார்கள் என்று காட்டுவதற்கான படம்.

பக்கத்தில் இருந்த கணபதி அவன் விலாவில் இடித்தார். தோட்டத்தில் ஒன்றாகப் பந்து விளையாடிய ஆள். "டேய் தயா, ஒன்னோட வேலதான்டா படத்துல காட்டுறாங்க!" என்று உரக்கவே சொல்லிவிட்டார். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். கேலி இல்லை, நம்ம ஆள் ஒருவனின் வேலை பெரிய படமாக வந்திருக்கிறதே என்கிற சந்தோஷம்தான். தயாபரனும் சிரித்தான். சிரித்த பிறகு கையை உயர்த்த முடியவில்லை. உயர்த்தி என்ன கேட்பது? என் வேலை என் மகளுக்கு வேண்டாம் என்றா? அந்த வேலையில்தான் அவளுக்குச் சோறு போடுகிறான். அந்த மண்டபத்தில் பாதிப் பேர் அது கிடைக்காதா என்று ஏங்குகிறவர்கள்.

ஒரு தாய் எழுந்து, "எங்க புள்ளைங்களுக்கு வேல கெடைச்சிருமாங்க சேர்?" என்று கேட்டாள்.

"கட்டாயம் கிடைக்கும் எண்டு நான் வாக்குக் குடுக்கேலாது அம்மா. ஆனா வேலை இருக்கிறது இந்தத் துறையளிலதான்."

எல்லோரும் கை தட்டினார்கள். தயாபரனும் தட்டினான். முன்வரிசையில் இருந்த சிவசக்தியின் இரட்டைப் பின்னல் அசையாமல் இருந்தது.

சிவசக்தி அப்பாவுக்கு முன்னால் நடந்து வீட்டுக்கு வந்தாள். லயத்துப் படியில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, அந்த டெப்ல புது ஆளுங்களச் சந்திக்கப் புடிக்குமான்னு கேட்டிருந்துச்சு. ஆமான்னு போட்டேன். எடத்தச் சுத்தமா வச்சிருக்கப் புடிக்குமான்னு கேட்டுச்சு. அதுக்கும் ஆமான்னுதான் போட்டேன். மத்தவங்களுக்கு ஒதவி பண்ணப் புடிக்குமான்னு கேட்டுச்சு. இதுக்கெல்லாம் யாராச்சும் இல்லன்னு போடுவாங்களா?"

"போட மாட்டாங்க சக்தி."

"அப்ப நான் என்னா போட்டிருக்கணும்?"

தயாபரன் அவள் கழற்றிய சப்பாத்துகளை எடுத்துச் சுவரோரம் வைத்தான்.

நிரஞ்சலா மலையிலிருந்து வந்து விஷயத்தைக் கேட்டாள். அவள் வருத்தப்படவில்லை என்பது தயாபரனுக்கு எரிச்சலாக இருந்தது. "கொழுந்துக் கூடை தூக்காமப் போனாச் சரி," என்றாள். "நெழல்ல நிக்கிற வேலதானே. அட்ட கடிக்காது. நீங்க ஏன் மொகத்தத் தூக்கி வச்சிருக்கீங்க?" அவள் சொன்னதிலும் தப்பில்லை. மழையில் நனைந்து, அட்டைக் கடியில் காலெல்லாம் புண்ணாகி வருகிறவள் வேறென்ன சொல்வாள்?

மறு கிழமை லீவில் அவன் பள்ளிக்கூடத்துக்குப் போய் சரோஜினி டீச்சரைப் பார்த்தான். அவர் தமிழ் ஆசிரியை. பண்டாரவளையிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். சிவசக்தியை ஆறாம் தரத்திலிருந்து தெரிந்தவர்.

"மாத்தலாம்னுதான் நானும் நெனச்சேன் தயாபரன். ஆனா நம்ம பள்ளிக்கூடத்துல இல்லாத தொறைய நாம எப்பிடிப் போடுறது? கம்ப்யூட்டர்ல அந்தக் கட்டமே வராது," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "என் கதையக் கேளுங்க. விருந்தோம்பல் படிப்பிக்க ஆள் இல்லன்னு என்னையப் போட்டிருக்காங்க. ஒரு வாரம் பயிற்சி குடுத்தாங்க. நான் என் வாழ்க்கையில ஒரு ஹோட்டல்ல தங்கினதில்ல. கல்யாணமான புதுசுல நுவரெலியா போனோம், அப்பக்கூட சொந்தக்காரங்க வீட்லதான் தங்கினோம். இருவது வருஷம் தமிழ் சொல்லிக் குடுத்த வாயால இனி, குட் மோர்னிங் சேர், யுவர் ரூம் இஸ் ரெடின்னு சொல்லிக் குடுக்கணும்."

சிரிக்கத்தான் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"நகரத்துல பெரிய பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போய்ப் பாருங்க," என்றார் கடைசியில். "அங்க எடுத்துட்டாங்கன்னா நாங்க விட்டுக் குடுத்துருவோம். சக்தி போய்த் தப்பிக்கட்டும்."

ஹோட்டலில் வேறொருவனுக்குத் தன் முறையை மாற்றிக் கொடுத்துவிட்டு, தயாபரன் மகளைக் கூட்டிக்கொண்டு பண்டாரவளைக்குப் போனான். அந்தப் பள்ளிக்கூடத்தின் வாசலிலேயே சிவசக்தி நின்றுவிட்டாள். ஆய்வுகூடத்தின் ஜன்னல்கள் திறந்திருந்தன. உள்ளே வரிசையாகக் கண்ணாடிக் குழாய்கள், மேசைகளில் தண்ணீர்க் குழாய், ஒரு மூலையில் நுணுக்குக்காட்டி. புத்தகத்தில் படமாக மட்டும் பார்த்த சாமான். "அப்பா, அதுதான்! அதுலதான் செல் எல்லாம் தெரியும்!" என்று அவன் கையைப் பிடித்து இழுத்தாள். சின்ன வயதில் திருவிழாக் கடைக்கு முன்னால் நின்று அப்படி இழுத்தவள்.

அதிபர் கனகசுந்தரம் அவர்களை நிற்க வைக்காமல் உட்காரச் சொன்னார். சிவசக்தியிடம் சில கேள்விகள் கேட்டார். இதயத்துக்கு எத்தனை அறை, இலைக்குப் பச்சை நிறம் எங்கிருந்து வந்தது என்று சின்னக் கேள்விகள்தான். அவள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லாமல், நோய் வந்தால் இலை ஏன் மஞ்சளாகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தயாபரனைப் பார்த்தார்.

"நல்ல பிள்ளை. எடுக்க எனக்கும் ஆசைதான். ஆனா எங்கட சொந்தப் பிள்ளையளுக்கே இந்தத் துறையில இடம் போதாமல் கிடக்கு. அதோட இந்த எல்லைக்குள்ள வீடு இருக்கவேணும். உங்கட வீட்டுக்கு உறுதிப்பத்திரம் ஏதும் இருக்கோ?"

"லயமுங்க சேர். கம்பெனிக்குச் சொந்தம். எங்க பேருல ஒண்ணும் இல்லைங்க."

"அதையாவது நான் எப்பிடியும் கதைச்சுப் பார்ப்பன். ஆனா பிள்ளையின்ர பேருக்கு நேர விருந்தோம்பல் எண்டு பதிவாகியிருக்கு. அது அப்பிடியே இருக்குமட்டும் நான் விஞ்ஞானத்துக்குள்ள எடுக்கேலாது. முதல்ல உங்கட பள்ளிக்கூடத்தில அதை மாத்திக்கொண்டு வாங்கோ."

"அங்க அந்தத் தொறையே இல்லாததால மாத்த முடியாதுன்னு சொல்றாங்களே சேர்."

கனகசுந்தரம் மூக்குக்கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "ஓம்," என்றார் பிறகு. "அதுதான் பிரச்சினை. பதுளைக்குப் போய் ஒருக்கா கேட்டுப் பாருங்கோ."

சிவசக்தியைத் தோட்டத்துக்குப் பஸ் ஏற்றிவிட்டு, தயாபரன் அப்படியே பதுளைக்கு ஏறினான். பஸ் எல்லவைக் கடந்து போனபோது தன் ஹோட்டல் இருக்கிற மேட்டை ஜன்னல் வழியாகப் பார்த்தான். அலுவலகம் மூடுகிற நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டுமே என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தான்.

பார்த்தீபனுக்கு அவனை ஞாபகம் இருந்தது. கூட்டத்தில் எல்லோரும் பார்த்துச் சிரித்த ஆள். உள்ளே கூப்பிட்டுக் கதிரை காட்டினார். தயாபரன் சொன்னதை இடைமறிக்காமல் கேட்டார். கணினித் திரையைத் திருப்பி அவனுக்கே காட்டினார்.

"பாருங்கோ. உங்கட மகளின்ர பேர் இது. இதை நான் மாத்தவெண்டு தொட்டாலும் மாறாது. பதிவெல்லாம் மேலிடத்தில பூட்டியாச்சு. அடுத்த வருசக் கடைசியிலதான் திரும்பத் திறப்பினம்."

"அதுக்குள்ள எம்மக பதினோராந் தரத்துக்குப் போயிருவாளுங்களே சேர்."

"தெரியும்."

"அப்ப மாத்தி என்னாங்க பண்றது?"

பார்த்தீபன் மேசையிலிருந்த கோப்புகளை அடுக்கினார். தன்னால் ஒரு நல்ல மனிதருக்குச் சங்கடம் வந்துவிட்டதே என்று தயாபரனுக்குத் தோன்றியது. பேச்சை மாற்றுவதற்காகத்தான் கேட்டான்.

"சேருக்குப் புள்ளைங்க இங்கதானுங்களா படிக்குறாங்க?"

"ஓம். மூத்தவள் வாற தையில பத்தாம் தரம் போறாள்."

"எம்மக வயசுதான். என்னா தொறைங்க?"

பார்த்தீபன் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "விஞ்ஞானம்," என்றார்.

"நல்லதுங்க," என்றான் தயாபரன். மனசாரத்தான் சொன்னான். குத்திக் காட்டவேண்டும் என்று அவன் நினைக்கவேயில்லை. ஆனால் பார்த்தீபனின் முகம் கறுத்துப்போனதைப் பார்த்ததும், கேட்டிருக்கக்கூடாது என்று தெரிந்தது.

அவர் அவனோடு கேட் வரைக்கும் நடந்து வந்தார். "கூட்டத்தில நான் சொன்னது பொய்யில்லை," என்றார். "வேலை அங்கதான் இருக்கு. அதை நீங்கள் விளங்கிக்கொள்ளவேணும்."

"தெரியுமுங்க சேர். நானும் அங்கதானே இருக்கேன்."

மழை தூறத் தொடங்கியிருந்தது. பஸ் நிலையம்வரை நனைந்துகொண்டே நடந்தான்.

தை மாதம் சிவசக்தி பத்தாம் தரத்தில் விருந்தோம்பல் வகுப்பில் போய் உட்கார்ந்தாள். அழுது ஆர்ப்பாட்டம் செய்வாள் என்று தயாபரன் பயந்திருந்தான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. சரோஜினி டீச்சர் சொல்லிக் கொடுத்த ஆங்கில வாக்கியங்களை வீட்டில் சத்தமாகப் பாடமாக்கினாள். மேசையில் முள்ளுக்கரண்டி எந்தப் பக்கம் வைப்பது என்று அம்மாவுக்குக் காட்டினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நிரஞ்சலா சோறு சாப்பிட்டு முடித்ததும், பழக்க தோஷத்தில் மகள் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டே பிளேன்டீயை எடுத்து வாயில் வைத்தாள். சிவசக்தி பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. நிரஞ்சலா கோப்பையைப் பாதியில் கீழே வைத்துவிட்டாள்.

"ஏன்டி, திட்ட மாட்டியா?"

"குடிங்கம்மா. ஆறிப்போயிரும்."

அன்றைக்குத்தான் நிரஞ்சலாவுக்கும் ஏதோ நடந்துவிட்டது என்று புரிந்தது. இரவு சமையல்கட்டில், "இன்னொருக்கா யாரையாச்சும் போய்ப் பாருங்களேன்," என்று கணவனிடம் கேட்டாள். போய்ப் பார்க்க வேண்டிய எல்லோரையும் பார்த்தாயிற்று என்று அவன் சொன்னான். யாராவது ஒருவர் திட்டி விரட்டியிருந்தால்கூட அவர் மேல் கோபப்பட்டு ஆறியிருக்கலாம். எல்லோரும் உட்காரச் சொன்னார்கள். எல்லோரும் நல்ல பிள்ளை என்றார்கள். கோபப்பட ஓர் ஆள் கிடைக்காததுதான் அவனுக்குத் தாங்கமுடியாததாக இருந்தது.

சித்திரைக்குப் பிறகு செயல்முறைப் பயிற்சி என்று வந்தது. வகுப்புப் பிள்ளைகளை ஒருநாள் உண்மையான ஹோட்டலுக்குக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும். எல்லவில் எத்தனையோ ஹோட்டல்கள் இருக்க, தயாபரன் வேலை செய்கிற ஹோட்டல்தான் சரி என்று பதில் சொன்னது. முகாமையாளர் றிஸாத் அவனைக் கூப்பிட்டு, முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்.

"தயாபரன், ஒங்கட தோட்டத்துப் புள்ளைகள் வாராங்க. ஒங்கட மகளும் அதுல ஈக்காவாமே. கட்டில் விரிக்கிற, ரூம் எடுக்கிற எல்லாம் நீங்கதான் காட்டிக் குடுக்கணும். ஒங்களப்போல வேலை தெரிஞ்சவர் வேற ஆர் ஈக்கிற?"

"அன்னக்கி எனக்கு லீவு குடுங்க சேர்."

"என்ன செல்றீங்க? மகள் வாரண்டைக்கு லீவா?"

தயாபரன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். றிஸாத் சிரிப்பை நிறுத்திக்கொண்டு அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவரும் பிள்ளைகுட்டி உள்ளவர். "சரி, லீவு தர ஏலாது. வேலைக்கு ஆள் காணாது," என்றார். "நீங்க அண்டைக்குக் கீழ லொண்டரியில நில்லுங்க. மேல ஷாஹ்மி காட்டட்டும்."

பிள்ளைகள் வந்த அன்று காலையில் தயாபரன் நிலக்கீழ் அறையில் சலவை இயந்திரத்துக்கு முன்னால் நின்றான். தலைக்கு மேலே காலடிச் சத்தங்கள் கேட்டன. வேன் வந்து நின்றது, பிள்ளைகள் சிரித்தது, சரோஜினி டீச்சர் வரிசையில் நிற்கச் சொன்னது எல்லாம் கேட்டது. சக பணியாளன் ஷாஹ்மி உரத்த குரலில் என்னவோ விளக்கிக்கொண்டிருந்தான். பிறகு ஒரு குரல் கேள்வி கேட்டது. சொற்கள் விளங்கவில்லை. குரல் யாருடையது என்று தெரிந்தது. அவன் இயந்திரத்தின் கதவை வேண்டுமென்றே சத்தமாகச் சாத்தினான்.

கொஞ்ச நேரத்தில் படியில் யாரோ இறங்கி வந்தார்கள். கையில் அழுக்கு விரிப்புகளைச் சுமந்துகொண்டு, மூட்டைக்கு மேலாக எட்டிப் பார்த்தபடி சிவசக்தி நின்றாள். வெள்ளைச் சீருடையில் பெயர் எழுதிய அட்டை குத்தியிருந்தது.

"மேல எல்லா ரூம்லயும் ஒங்களத் தேடினேன்," என்றாள். "ஷாஹ்மி அங்கிள்தான் நீங்க கீழ இருக்கீங்கன்னு சொன்னாரு."

"இன்னக்கி இங்க வேல கூட சக்தி. நெறைய சாமான் வந்திருச்சு."

அவள் சுற்றிப் பார்த்தாள். கூடைகள் பாதிக்கு மேல் காலியாகக் கிடந்தன.

"நான் ரூம் கூட்டுறதப் பாக்க வேணாம்னுதானே இங்க வந்து நிக்கிறீங்க?"

அவன் இயந்திரத்திலிருந்து ஒரு பெரிய விரிப்பை உருவினான். ஒரு ஆளால் மடிக்க முடியாத அளவு அது. சிவசக்தி மூட்டையை இறக்கிவைத்துவிட்டு மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் விரிப்பை இழுத்து உதறினார்கள். நுனியோடு நுனி சேர்த்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்தார்கள். அவள் தன் பக்கத்து நுனிகளை அவன் கையில் வைத்தாள். விரல்கள் பட்டன. சலவைத் தூளின் வாசனை அடித்தது.

"எனக்குக் கஷ்டமா இல்லப்பா," என்றாள். "நீங்க தெனம் செய்றதுதானே. நான் செஞ்சா என்னா?"

அழுவாள், சண்டை பிடிப்பாள் என்றெல்லாம் எண்ணி அதற்கான சமாதானங்களை அவன் மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தான். அவற்றில் ஒன்றும் இதற்குப் பொருந்தவில்லை. விரிப்பை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "மேல போ. டீச்சர் தேடுவாங்க," என்று மட்டும் சொன்னான்.

பின்னேரம் பிள்ளைகளுக்குக் கேக்கும் பழச்சாறும் கொடுத்து அனுப்பினார்கள். றிஸாத் லொண்டரிக்கே இறங்கி வந்தார். "ஒங்கட மகள் சுறுசுறுப்பான புள்ள. ஒருக்கா காட்டினாப் போதும், புடிச்சிக்கிறா. வந்த வெள்ளைக்காரம்மாவோட இங்கிலீஷ்லயும் பேசினா. சனிக்கிழமைகள்ல அனுப்புங்களேன். பயிற்சின்னு எழுதித் தாரேன், படிப்புக்கும் புள்ளி சேரும்."

வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தான். சொல்வதற்குக் காரணம் வேண்டுமே. சனிக்கிழமைகளில் அவள் வேறு எந்த வகுப்புக்கும் போவதில்லை. போக வேண்டிய வகுப்பு அந்தத் தோட்டத்தில் இல்லை. வீட்டில் சொன்னபோது நிரஞ்சலா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிவசக்திதான், "போறேம்ப்பா. இங்கிலீஷ் பேசிப் பழகலாம்," என்றாள். அவள் குரலில் ஆசையும் இல்லை, வெறுப்பும் இல்லை. கடைக்குப் போய் உப்பு வாங்கி வா என்றால் சரி என்று சொல்வதுபோல இருந்தது.

முதல் சனிக்கிழமை காலையில் இரண்டு பேரும் பண்டாரவளையில் இறங்கி, எல்லவுக்குப் போகிற பஸ்ஸில் ஏறினார்கள். மூடுபனி விலகாத நேரம். தயாபரன் வழக்கமாக ஏறுகிற பஸ்தான். நடத்துனருக்கு அவனை நன்றாகத் தெரியும். தினமும் எங்கே என்று கேட்காமலே சீட்டுக் கிழித்துக் கொடுப்பான். அன்றைக்குத் தயாபரன் பக்கத்தில் நின்ற பெண்ணைப் பார்த்துவிட்டு, சிங்களம் கலந்த கொச்சைத் தமிழில் கேட்டான்.

"மகளா? பள்ளிக்கூடம் போறதா?"

இன்றைக்குச் சனிக்கிழமை என்று சொல்லலாம். சும்மா கூட வருகிறாள் என்று சொல்லலாம். தயாபரன் இன்னும் எதைச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு நின்றான்.

"இல்ல அங்கிள்," என்றாள் சிவசக்தி. "அப்பா எறங்குற எடத்துக்குத்தான் நானும்."

நடத்துனர் தலையாட்டிக்கொண்டு இரண்டு சீட்டுகளைக் கிழித்தான். பஸ் திருப்பத்தில் சாய்ந்தது. விழாமல் இருக்க அவள் அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் தெரியாத வெள்ளைப் பனிமூட்டத்தைக் கண்ணாடி வழியாகப் பார்த்தபடி நின்றான்.